விக்டர் கிளெம்பெரரின் சொற்குறிப்பேடு



சொற்களைப் பற்றிப் போன மாதம் நான் எழுதிய சிறு பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் என்ன குடியா முழுகிவிடும்?" என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்தான். பெயர் சொல்ல மாட்டேன். கேள்வி நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

குடி முழுகிய ஒரு நாட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, பன்னிரண்டு ஆண்டுகள் சொற்களை எழுதி வைத்த ஒரு பேராசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். பதிவு நீளம். அவசரமாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

அவர் பெயர் விக்டர் கிளெம்பெரர். 1881 அக்டோபர் 9-ஆம் நாள், அன்றைய ஜெர்மனியின் கிழக்கே லாண்ட்ஸ்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. தந்தை யூத மதகுரு. அண்ணன்மாரில் இருவர் பெயர்பெற்ற மருத்துவர்கள். அவர்களில் கெயோர்க் என்பவர் லெனினுக்கு வைத்தியம் பார்க்க மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டவர். இசைக்குழு நடத்துநராக உலகப் புகழ் பெற்ற ஓட்டோ கிளெம்பெரரும் இவர்கள் சொந்தம்தான். இப்படிப்பட்ட வீட்டில் கடைசி மகன் என்றால் உங்களுக்கே புரியும், எதைச் செய்தாலும் அண்ணன்களோடு ஒப்பிடுவார்கள். இவர் பத்திரிகையில் எழுதிப் பார்த்து, பிறகு பிரெஞ்சு இலக்கிய ஆய்வுக்குப் போனார். கிறித்தவ மதத்துக்கு மாறினார். ஏவா என்ற பியானோ கலைஞரை மணந்தார். அவர் யூதர் அல்லர். முதல் உலகப் போரில் தாமாகவே படையில் சேர்ந்து பீரங்கிப் பிரிவில் பணியாற்றிப் பதக்கமும் வாங்கினார். 1920-இல் ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். தம்மை முதலில் ஜெர்மானியர் என்றே நினைத்தவர். அதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். போர்முனையில் நின்றவர் என்பதால் கிளெம்பெரருக்குச் சிறிது காலம் விலக்கு கிடைத்தது. 1935-இல் அதுவும் போயிற்று. பிறகு ஒவ்வொன்றாகப் பறித்தார்கள். 1938 முடிவதற்குள் நூலகத்தில் கால் வைக்கக் கூடாது, கார் ஓட்டக் கூடாது என்றாயிற்று. 1939 முதல் யூத ஆண்கள் எல்லோரும் பெயரோடு 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் சேர்த்தே கையெழுத்திட வேண்டும். 1940-இல், ஆசையாகக் கட்டிய வீட்டைவிட்டு வெளியேற்றி, 'யூதர் இல்லம்' என்று பெயரிட்ட நெரிசலான கட்டடம் ஒன்றில் குடிவைத்தார்கள். 1941-இல் தட்டச்சு இயந்திரம் போனது. அந்த ஆண்டு செப்டம்பரில் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வேண்டிவந்தது. 1942 மே மாதம், யூதர் வீட்டில் வளர்ப்புப் பிராணிகளும் கூடாது என்று உத்தரவு வந்தது. மூஷெல் என்று ஒரு பூனை வைத்திருந்தார்கள். அதைப் பிறருக்குக் கொடுக்கவும் வழியில்லை. ஏவா அம்மையார் அதைக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்று மயக்க மருந்து கொடுத்து முடிக்க வேண்டியதாயிற்று. பெரிய கொடுமைகளையெல்லாம் படித்து முடித்தவன்தான் நான். இந்தப் பூனையில் நின்றுவிட்டேன். அடுத்த நாள்தான் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன்.

கிளெம்பெரர் உயிரோடு இருந்ததற்கு ஒரே காரணம் ஏவா. மனைவி 'ஆரியர்' என்பதால் அவரை முகாமுக்கு அனுப்புவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அந்த அம்மையார் மணவிலக்கு வாங்கியிருந்தால் தம்மளவில் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். வாங்கவில்லை. வீட்டுச் சோதனைக்கு வந்த கெஸ்டபோ ஆட்கள் முகத்தில் துப்பினார்கள், அடித்தார்கள். அப்போதும் உடன் இருந்தார்.

நூலகம் இல்லை, தட்டச்சு இல்லை, மாணவர் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு இலக்கியம் பற்றி எழுதிக்கொண்டிருந்த பெரிய நூல் பாதியில் நின்றது. ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு எதுவுமே மிச்சமில்லை என்றால் என்ன செய்வார்? காதில் விழுவதை ஆராய்வார். அதைத்தான் இவர் செய்தார். வானொலி ஒலிபெருக்கியில் வரும் பேச்சு, தொழிற்சாலையில் கூட வேலை பார்ப்பவர் பேச்சு, கடைக்காரர் பேச்சு, கசங்கிய நாளிதழில் வந்த மரண அறிவிப்பு, காவலர்கள் திட்டும் வசவு, எல்லாமே அவருக்குத் தரவு. நாட்குறிப்பில் அவற்றுக்கு 'எல்.டி.ஐ.' என்று அடையாளமிட்டார். லத்தீனில் 'மூன்றாம் ரைஹின் மொழி' என்பதன் சுருக்கம் அது. நாஜிகளுக்கு எதற்கெடுத்தாலும் எழுத்துச் சுருக்கம் வைக்கும் பழக்கம் உண்டு. அவர்களைக் கேலி செய்தது போலவும் ஆயிற்று, சோதனையில் அகப்பட்டால் புரியாமலும் போகும்.

அவர் முதலில் குறித்த சொல் எது என்று அவரே சொல்லியிருக்கிறார். கணவன் மனைவி இருவரும் மகன் போல ஆதரித்து வந்த ஓர் இளைஞன், தொழிற்சாலை வேலைக்குப் போனவன், ஒருநாள் உற்சாகமாக வந்து, பக்கத்து ஊர்க் கம்யூனிஸ்டுகளைத் தாங்கள் கூட்டமாகப் போய் அடித்த கதையைச் சொன்னான். அதற்கு அவன் பயன்படுத்திய சொல் 'தண்டனைப் படையெடுப்பு'. ஆப்பிரிக்கக் காலனிகளில் ஒரு கிராமத்தையே கொளுத்தப் போகும் ராணுவத்துக்கு உரிய சொல் அது. சொந்த ஊர்க்காரர்களை அடித்ததற்கு அதைப் பயன்படுத்துகிறான், அதுவும் கூசாமல். அந்தப் பையன் அன்றோடு அவர்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. மகனைப் போன்றவனை ஒரு சொல்லில் இழந்தார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த சொல்லுக்கு வருகிறேன். 'ஃபனாட்டிஷ்' என்று ஜெர்மனில் சொல்வார்கள். நம் மொழியில் வெறி, வெறித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர் லத்தீன். கோயில் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. மதவெறியைச் சாடிய பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர்கள் இதைக் கடும் வசவாகவே கையாண்டார்கள். கிளெம்பெரர் அந்த நூற்றாண்டிலேயே ஊறியவர். ஆகவே நாஜிகள் இந்தச் சொல்லைப் புரட்டிப் போட்டதை வேறு எவரையும்விட முன்னதாகக் கவனித்தார். அவர்கள் கையில் அது பாராட்டாயிற்று. தலைவரிடம் வெறியார்ந்த விசுவாசம், போர் வெற்றியில் வெறியார்ந்த நம்பிக்கை. கோரிங் பிராணிகளிடம் அன்புள்ளவர் என்று சொல்ல வேண்டுமா, 'வெறியார்ந்த பிராணி நேசர்' என்று எழுதினார்கள். தினமும் கேட்ட காதுக்கு வீரம், பக்தி, உறுதி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. கடைசியில் சொல்லே தேய்ந்து போயிற்று. 1944 நவம்பரில் தோல்வி நெருங்கியபோது, கோயபல்ஸ் தம் வார இதழில் 'காட்டுத்தனமான வெறி' ஒன்றுதான் நாட்டைக் காப்பாற்றும் என்று எழுதினார். வெறியில் சாதுவான வெறி என்று ஒன்று உண்டா என்ன என்பது கிளெம்பெரரின் கேள்வி. நான் திருத்திய கட்டுரைத் தாள்களில் 'மிக மிக மிக' என்று எழுதிய பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒரு 'மிக' பலிக்கவில்லை என்றால் இன்னொரு 'மிக'.

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். நம் பேரப்பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு வந்து 'வெறித்தனம்!' என்று பாராட்டுகிறார்களே, சினிமாப் பாட்டிலும் வந்துவிட்டதே, அதுவும் இதுவும் ஒன்றா? இல்லை. அது விளையாட்டு, மேலிருந்து யாரும் கட்டளையிட்டு வந்ததல்ல, நாளைக்கு வேறு சொல் வரும். ட்ரெஸ்டனில் நடந்தது ஓர் அரசு, நாளிதழ், வானொலி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு, மறுத்துப் பேச ஒருவரும் இல்லாத இடத்தில் செய்தது. ஆனாலும் என் பேரன் அந்தச் சொல்லைச் சொல்லும்போது நான் ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறேன். வாத்தியார் புத்தி.

இதே சொல்லைப் பற்றி அவர் தரும் இன்னொரு செய்திதான் என்னை உலுக்கியது. யூதர் இல்லத்தில் அவரோடு குடியிருந்த ஒரு பெண்மணி, ஜெர்மன் இலக்கியம் முறையாகப் படித்தவர். தம் பிள்ளைகளை 'வெறியார்ந்த ஜெர்மானியராக' வளர்க்கப் போவதாக அவரிடம் சொல்கிறார். நட்சத்திரம் தைத்த சட்டையோடு! நம்மைக் கொல்ல வருகிறவனின் மொழியை நீங்களே பேசுகிறீர்களே, தெரிகிறதா என்று கிளெம்பெரர் கத்தியே விடுகிறார். அந்த அம்மையாரைக் குறை சொல்ல அவர் இதை எழுதவில்லை. தம்மைச் சுற்றியிருந்த எல்லோரும், நல்லவர், கெட்டவர், ஒடுக்கியவர், ஒடுக்கப்பட்டவர் என்ற பேதமில்லாமல், அந்த மொழியையே பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதை நிறுவ எழுதினார். அவர் இதை ஆர்செனிக் நஞ்சுக்கு ஒப்பிடுகிறார். துளித்துளியாக விழுங்கும்போது தெரியாது, நாள் சென்று வேலை செய்யும் என்கிறார். நம் ஊர்ப் பெரியவர்கள் மெல்லக் கொல்லும் விஷம் என்பார்களே, அதுதான்.

தொழிற்சாலையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உறை தயாரிக்கும் ஆலையில் அவரைக் கட்டாய வேலைக்கு வைத்திருந்தார்கள். பிற தொழிலாளர்கள் யூதரோடு பேசக் கூடாது என்பது விதி. ஃப்ரீடா என்ற ஒரு பெண் அதை மதிக்காமல் அவரிடம் பேசுவார், இயந்திரம் நின்றால் உதவுவார். ஏவா உடல்நலமில்லாமல் இருப்பது தெரிந்து ஒருநாள் ஒரு பெரிய ஆப்பிள் பழத்தைக் கொண்டுவந்து இயந்திரத்தின் மேல் வைத்து, மனைவிக்குக் கொடுங்கள் என்கிறார். அந்தப் பஞ்சத்தில் ஆப்பிள் என்றால் தங்கம். கொடுத்துவிட்டுக் கேட்கிறார்: உங்கள் மனைவி ஜெர்மன்காரர் என்கிறார்களே, நிஜமாகவே ஜெர்மன்காரரா? அவ்வளவுதான், கிளெம்பெரருக்குப் பழத்தின் மகிழ்ச்சி போய்விட்டது. அந்தப் பெண் நாஜி அல்ல. நல்ல மனம். ஆனால் 'ஜெர்மன்' என்றால் 'ஆரியர்' மட்டுமே, எதிரே நிற்கும் இந்த மனிதர் ஜெர்மானியரே அல்ல என்பது அவர் தலைக்குள் இறங்கிவிட்டது. ஒரு ஜெர்மன்காரிக்கு ஒரு யூதர் கணவரா என்பதுதான் அவர் வியப்பு. மேடையில் ஹிட்லர் முழங்கியதையெல்லாம் விட இந்த அன்பான கேள்விதான் கிளெம்பெரருக்கு அதிகச் சான்றாகப் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நிறுத்தக்குறியையும் அவர் விடவில்லை. தமிழாசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் இதை வகுப்பில் சொல்லலாம். மேற்கோள்குறி எதற்கு? ஒருவர் சொன்னதை அப்படியே தருவதற்கு. நாஜி இதழ்கள் அதைக் கிண்டலுக்குப் பயன்படுத்தின. ஐன்ஸ்டீன் என்றால் மேற்கோள்குறிக்குள் 'ஆராய்ச்சியாளர்'. கவிஞர் ஹைன என்றால் மேற்கோள்குறிக்குள் 'ஜெர்மன்' கவிஞர். சர்ச்சில், ரூஸ்வெல்ட் எல்லோரும் மேற்கோள்குறிக்குள் 'அரசியல் அறிஞர்கள்'. எதையும் மறுத்து வாதாடத் தேவையில்லை, இரண்டு சின்னக் கோடு போட்டால் ஆள் காலி. மின்சுற்றை ஒரே இணைப்பில் கொண்டுவருவதற்கு எஞ்சினியர்கள் சொல்லும் சொல்லை மனிதர்களுக்குச் சொன்னார்கள். சங்கம், கட்சி, பாடகர் குழு எல்லாவற்றையும் 'ஒரே இணைப்பில்' கொண்டுவந்தார்கள். யூதர்களை ரயிலேற்றிக் கொலைமுகாமுக்கு அனுப்பிவிட்டு, பதிவேட்டில் 'இடம்பெயர்ந்து சென்றார்' என்று எழுதினார்கள். ஏதோ அவர்களாகவே மூட்டை கட்டிக்கொண்டு போனதைப் போல.

மரண அறிவிப்புகளை அவர் படித்த விதம் தனி. போரில் மகனை இழந்த பெற்றோர் நாளிதழில் அறிவிப்புக் கொடுப்பார்கள். 'தலைவருக்காகவும் தாய்நாட்டுக்காகவும்' என்று போடுகிறார்களா, 'தாய்நாட்டுக்காக' என்று மட்டும் போடுகிறார்களா, இரண்டுமே இல்லையா? 'பெருமிதத் துயருடன்' என்று இருக்கிறதா, வெறும் துயரா? பிறப்புக்கு நட்சத்திரமும் இறப்புக்குச் சிலுவையும் இடுவது பழைய வழக்கம். அதை விட்டுவிட்டு நாஜிகள் கொண்டுவந்த பழங்கால எழுத்துக்குறியை இட்டிருக்கிறார்களா? வாய் திறந்து பேச முடியாத நாட்டில் ஒரு குடும்பம் என்ன நினைக்கிறது என்பதை இப்படிக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். தேர்தல் கருத்துக்கணிப்பெல்லாம் இதன் கால்தூசி.

இத்தனையும் எழுதிய தாள்கள் எங்கே இருந்தன? வீட்டில் வைத்தால் சாவு. அவருக்கு மட்டுமல்ல, ஏவாவுக்கும், நாட்குறிப்பில் பெயர் வரும் ஒவ்வொருவருக்கும். ஏவா அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் மறைத்து, பக்கத்தில் உள்ள பிர்னா ஊருக்கு எடுத்துச் செல்வார். அங்கே அன்னமேரி கோலர் என்ற மருத்துவத் தோழி தம் மருத்துவமனையில் ஒளித்து வைத்தார். ஒருமுறை வீட்டுச் சோதனையில், நாஜித் தத்துவவாதி ரோசன்பெர்க் எழுதிய தடித்த நூல் கிளெம்பெரர் வீட்டில் இருந்தது கண்ணில் பட்டுவிட்டது. அவர்களுடைய நூல்தான். யூதன் இதைப் படிப்பதா என்று அதாலேயே அவர் தலையில் அடித்தார்கள். புத்தகத்தால் அடிவாங்கிய பேராசிரியர்.

1945 பிப்ரவரி 13. ட்ரெஸ்டனில் மிச்சமிருந்த யூதர்களில் வேலைக்குத் தகுதியானவர்கள் மூன்று நாளில் புறப்பட வேண்டும் என்று உத்தரவு. அந்த ஓலையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைக் கிளெம்பெரரிடமே கொடுத்தார்கள். குழந்தை உள்ள தாய்மார் கையிலும் கொடுத்தார். அன்று இரவு பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன, நகரம் எரிந்தது. அந்தத் தாக்குதல்களில் இறந்தவர்கள் 25,000 வரை என்று பின்னாளில் வரலாற்றாசிரியர் குழு கணக்கிட்டது. நெருப்பில் கணவனும் மனைவியும் பிரிந்துபோய், விடிந்த பிறகு ஆற்றங்கரை மேடையில் சந்தித்தார்கள். ஏவா பேனாக்கத்தியை எடுத்து அவர் கோட்டிலிருந்த நட்சத்திரத்தை வெட்டி எறிந்தார். எந்த நகரின் அழிவு ஆயிரக்கணக்கானவர்களுக்கு முடிவாயிற்றோ, அதுவே இவருக்கு உயிர் கொடுத்தது. நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அகதிக் கூட்டத்தோடு கலந்து தெற்கே பவேரியாவில் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போர் முடிந்தது. அங்கேதான், என் மாணவரே, உங்கள் கேள்விக்கான பதில் வருகிறது. பெர்லினிலிருந்து வந்த ஓர் உழைப்பாளிப் பெண் தாம் சிறையில் இருந்ததாகச் சொல்கிறார். எதற்காக என்று கிளெம்பெரர் கேட்கிறார். சில சொற்களுக்காக என்கிறார் அந்தப் பெண். தலைவரையும் ஆட்சியையும் பற்றி ஏதோ சொல்லிவிட்டார், அதற்குச் சிறை. படிக்காத அந்தப் பெண்ணின் பதிலைக் கேட்டவுடன், இந்தக் குறிப்புகளை நூலாக்கியே தீர வேண்டும் என்று முடிவு செய்ததாக அவர் எழுதுகிறார். சோறில்லாமல், கால் வெடித்து, பெரும்பகுதி நடந்தே ஜூன் மாதம் ட்ரெஸ்டன் திரும்பினார்கள். பிர்னாவில் தாள்கள் பத்திரமாக இருந்தன. 1947-இல் 'எல்.டி.ஐ.' என்ற பெயரிலேயே நூல் வெளிவந்தது. ஏவாவுக்குக் காணிக்கை ஆக்கியிருந்தார்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டுமே படித்தவன், ஜெர்மன் ஓர் எழுத்தும் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எல்லாம் ஒப்புக்கொள்ளும்படி இல்லை. யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற ஹெர்சலின் எழுத்தையும் ஹிட்லரின் மொழியையும் அருகருகே வைத்து அவர் ஒற்றுமை தேடும் இயல் எனக்கு உவப்பாக இல்லை. அடித்தவனையும் அடி வாங்கி ஓட நினைத்தவனையும் ஒரே தராசில் நிறுத்துவதாகப் படுகிறது. கணக்கெடுத்து நிறுவும் மொழியியல் முறையும் அதில் இல்லை. அந்த நிலையில் அவரால் எப்படிக் கணக்கெடுக்க முடியும்?

அதைவிட உறுத்துவது பின்கதை. போருக்குப் பிறகு அவர் கிழக்கு ஜெர்மனியிலேயே தங்கினார், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கிரைஃப்ஸ்வால்ட், ஹாலெ, பெர்லின் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர், 1950 முதல் நாடாளுமன்ற உறுப்பினர், தேசியப் பரிசு, எல்லாம் கிடைத்தது. ஆனால் 1945 கோடையிலேயே நாட்குறிப்பில் புதிதாக ஒரு சுருக்கம் வருகிறது: 'எல்.க்யூ.ஐ.' நான்காம் ரைஹின் மொழி. புதிய ஆட்சியின் மேடைப் பேச்சிலும் அதே முழக்கம், அதே தேய்ந்த சொற்கள் என்று குறித்து வைக்கிறார். நாட்குறிப்பில் குறித்தாரே தவிர நூலாக்கவில்லை. ஹிட்லருக்குக் கீழே உயிரைப் பணயம் வைத்து எழுதியவர், இங்கே நாற்காலியில் இருந்துகொண்டு ஏன் அடக்கி வாசித்தார்? வேறு எந்தப் பக்கம் போனாலும் பழைய நாஜிகள் பதவிக்குத் திரும்பிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இழந்த வேலைக்காலத்தை மீட்க வேண்டும் என்ற தவிப்பும் இருந்தது. எனக்கும் அந்த வயதுதான். அதனால் அந்தத் தவிப்பு புரிகிறது. புரிந்தாலும், அந்த நூலை அவர் எழுதியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஏவா 1951-இல் காலமானார். கிளெம்பெரர் 1960 பிப்ரவரி 11-இல். நாஜிக் கால நாட்குறிப்புகள் 1995-இல்தான் நூலாயின, அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. 'எல்.க்யூ.ஐ.' குறிப்புகள் உள்ள பிற்கால நாட்குறிப்பு வர 1999 ஆயிற்று. அதற்குள் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லை.

கையெழுத்துத் தாள்கள் இன்று ட்ரெஸ்டனில், சாக்சனி மாநில நூலகத்தில் இருக்கின்றன. 1938-இல் அவரை உள்ளே வராதே என்று நிறுத்திய அதே நூலகத்தின் வழிவந்ததுதான் அது.